.30-06 தோட்டாவுக்கு வேட்டைக் குண்டு: எதை வாங்குவது, எப்படிச் சோதிப்பது

சுட்ட பழைய கூட்டை அளவுக்குக் கொண்டுவருவது, பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) பொருத்துவது, வெடிமருந்து நிறுப்பது எல்லாம் எந்த ரீலோடிங் (வீட்டிலேயே தோட்டா தயாரிக்கும்) கையேட்டிலும் இருக்கும். இங்கே குண்டைப் பற்றி, அதாவது தோட்டாவின் முனையில் இருந்து பறந்துபோகும் பகுதியைப் பற்றி மட்டும். உதாரணத்துக்கு, அமெரிக்காவின் கொலராடோவில் எல்க் (பெரிய மான்) வேட்டைக்கு எடுத்துப்போகும் .30-06 ரைஃபிளை வைத்துக்கொள்வோம். (இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்படிப்பட்ட வேட்டைக்கு இடமில்லை. உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பதும் குற்றம்.)

1. முதலில் தூரம், பிறகு குண்டு

பெட்டியைப் பார்த்துக் குண்டு வாங்காதீர்கள். அதிகபட்சம் எவ்வளவு தூரத்தில் சுடுவீர்கள், அங்கே குண்டு என்ன வேகத்தில் போய்ச் சேரும் என்று பாருங்கள். நொடிக்கு 2,700 அடி வேகத்தில் புறப்படும் 180 கிரெயின் (குண்டையும் மருந்தையும் நிறுக்கும் எடை அலகு) குண்டு, 300 கெஜத்தில் சுமார் 2,150 அடிக்கு இறங்கிவிடும். 400 கெஜத்தில் 2,000-ஐ ஒட்டி வந்துவிடும். ஈயக் குண்டுகள் பலவும் வேகம் 1,800-க்கு இறங்கினாலும் விரியும். முழுச் செம்புக் குண்டுகள் பலவற்றுக்கு 2,000 பக்கம் வேண்டும். அதற்குக் கீழே போனால் விரியாமல் ஊசி குத்தியதுபோல மறுபக்கம் போய்விடும், காயம்பட்ட விலங்கு ஓடி மறைந்துவிடும். தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச விரிவு வேகத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

300 கெஜத்துக்குள் என்றால் என் ஓட்டு நோஸ்லர் பார்ட்டிஷன் 180-க்கு. நடுவில் செம்புத் தடுப்பு. முன்பாதி விரிந்து சிதறும், பின்பாதி முழுசாக எலும்பைத் தாண்டி உள்ளே போகும். 1940-களில் வந்த வடிவம், இன்னும் தோற்கவில்லை. கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. அங்கே முழுச் செம்பாலான பார்ன்ஸ் டிடிஎஸ்எக்ஸ் 168 எடுங்கள். செம்பு எடையை இழக்காது என்பதால் ஒரு படி லேசான குண்டே போதும்.

2. குண்டு வரியில் முட்டும் இடம்

பலரும் சறுக்குவது இங்கேதான். தோட்டாவின் நீளத்தைக் குண்டின் நுனியிலிருந்து அளந்தால் கணக்கு தப்பும். ஈய நுனி நசுங்கியிருக்கும். ஒரே பெட்டிக்குள்ளேயே நுனிகள் ஒன்றுபோல இருக்காது. குழலின் வரிகளில் (குண்டைச் சுழலவைக்க உள்ளே வெட்டிய சுருள் வரிகள்) முதலில் முட்டுவது நுனியல்ல, குண்டு தன் முழு விட்டத்தை எட்டும் வளைவு. அந்த இடத்திலிருந்து அளக்க, காலிப்பர் அளவுகோலில் மாட்டும் கம்பேரட்டர் என்ற துணைக்கருவி ஒன்று வாங்குங்கள்.

ஹார்னடி நீளமானியில், திருகு வெட்டிய கூட்டில் குண்டைத் தளர்வாக வைத்து, போல்ட்டைக் கழற்றிய காலி ரைஃபிளுக்குள் செலுத்துங்கள். உள்கம்பியை விரல் நுனியால் மெல்லத் தள்ளுங்கள். தட்டுப்பட்டதும் நிறுத்தி, திருகை இறுக்கி, வெளியே எடுத்து அளங்கள். கொஞ்சம் அழுத்தினாலும் குண்டு வரிக்குள் ஏறி, அளவு 0.010 அங்குலத்துக்கு மேலேகூட நீண்டு காட்டும். வெளியே இழுக்கும்போது குண்டு உள்ளேயே தங்கிவிட்டால் பயப்பட வேண்டாம். வாய்ப்பக்கமிருந்து சுத்தம் செய்யும் கம்பியால் லேசாகத் தட்டினால் வந்துவிடும். இதையே ஐந்து முறை செய்து, ஒத்துவரும் அளவுகளை மட்டும் எடுங்கள். குண்டு மாறினால் வளைவும் மாறும், மறுபடி அளக்க வேண்டும்.

அந்த அளவிலிருந்து பார்ட்டிஷனுக்கு 0.020 அங்குலம், செம்புக்கு 0.050 அங்குலம் பின்தள்ளித் தொடங்குங்கள். மேகசினுக்குள் அடங்காவிட்டால் மேகசின் சொல்வதுதான் சட்டம்; .30-06-க்கு அதிகபட்ச நீளம் 3.340 அங்குலம். வேட்டைத் தோட்டாவை வரியில் முட்டவே விடாதீர்கள். அழுத்தம் எகிறும். சுடாத தோட்டாவை வெளியே இழுக்கும்போது குண்டு குழலில் நின்று, மருந்து போல்ட் ஓடும் இடத்தில் கொட்டும்.

3. மருந்து

நீங்கள் எடுத்த குண்டுக்கே கையேடு சொல்லும் தொடக்க அளவிலிருந்து அரை கிரெயினாக ஏறுங்கள். போல்ட் தூக்கக் கடினமானாலோ கூட்டின் அடியில் எஜெக்டர் (கூட்டை வெளியே தள்ளும் முளை) தடம் விழுந்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். 180 ஈயக் குண்டுக்கான அளவை 180 செம்புக்குப் போடாதீர்கள். செம்பு அடர்த்தி குறைந்தது. அதே எடைக்கு நீளம் அதிகம், மருந்தின் இடத்தை அடைத்து அழுத்தத்தை ஏற்றும். வேகம் பார்க்க ரேடார் கருவிதான் நல்லது. குழலில் கட்டும் வகையை வைத்துக் குழுவை (தாளில் குண்டுகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்பதை) மதிப்பிடாதீர்கள், அந்தச் சுமையே அடி விழும் இடத்தை மாற்றும்.

4. தாளில்

மூன்று குண்டுக் குழு ஏமாற்றும். ஐந்தாக இரண்டு குழு சுடுங்கள். 100 கெஜத்தில் ஒன்றரை அங்குலம் எல்குக்குத் தாராளம். அதற்குக் கீழே குறைக்கப் படும் பாட்டை அடுத்த சோதனைக்குச் செலவிடலாம். ஈயத்திலிருந்து செம்புக்கு மாறும் முன் குழலைத் தேய்த்துச் சுத்தமாக்குங்கள்.

5. தண்ணீரில்

ஒரு கேலன் பால் குடுவைகள் ஏழில் தண்ணீர் நிரப்பி, ஒட்டி ஒட்டி வரிசையாக வைத்து, பின்னால் மண் மேடு இருக்கும்படி சுடுங்கள். 50 கெஜத்தில் ஒருமுறை, உங்கள் அதிகபட்சத் தூரத்தில் ஒருமுறை. பக்கத்தில் குண்டு சிதறுகிறதா என்று முதலாவது சொல்லும், தூரத்தில் விரிகிறதா என்று இரண்டாவது சொல்லும். எடுத்த குண்டை நிறுங்கள், விரிந்த முகத்தைக் குறுக்கும் நெடுக்குமாக அளங்கள். பார்ட்டிஷனில் மூன்றில் இரண்டு பங்கு எடை மிஞ்சினால் இயல்புதான். தூர அடியில் முகம் 0.45 அங்குலமாவது இல்லையென்றால் அந்தத் தூரத்துக்கு அந்தக் குண்டு வேண்டாம். தண்ணீர் சதையும் எலும்பும் ஆகாது. இரண்டு குண்டுகளை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். மருந்தைக் குறைத்து 50 கெஜத்திலேயே தூர வேகத்தைக் கொண்டுவரலாமே என்று தோன்றும். கையேட்டின் குறைந்தபட்சத்துக்குக் கீழே மெதுவாக எரியும் மருந்தைக் குறைப்பது ஆபத்து.

பின்சேர்க்கை: குண்டு குடுவைகளில் அகப்படவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது குடுவையின் அடிப்பக்கமாக வெளியேறியிருக்கும். மேட்டிலிருந்து கீழே சுடும்போது வரிசையைச் சமதளத்தில் வைப்பதே காரணம். ஒரு பலகையைச் சுடும் கோட்டின் சரிவுக்கே சாய்த்து, அதன்மேல் அடுக்குங்கள்.