போலெக்ஸில் முதல் 100 அடி: சுருள் மாட்டுவதில் இருந்து கொடியில் காயப்போடும் வரை

முதல்லயே சொல்லிடறேன், என்னோட முதல் பிலிம் ரோல்ல படம் ஒண்ணுமே விழல. விடியக்காலைல எழுந்து காசிமேடு போய், மீன் ஏலத்துக்கு நடுவுல கூடைக்காரம்மாக்கள்கிட்ட திட்டு வாங்கிட்டு எடுத்தது. கழுவிப் பாத்தா முழு நீளத்துக்கும் வெறும் பிளாஸ்டிக். ஏன்னு கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு. உங்களுக்கு அஞ்சு நிமிஷத்துல முடியணும்னுதான் இதை எழுதறேன்.

என்கிட்ட இருக்கறது போலெக்ஸ் எச்-16 ரிஃப்ளெக்ஸ். சுவிட்சர்லாந்துல செஞ்ச, சாவி கொடுத்து ஓடற 16 எம்.எம். கேமரா. பேட்டரி கிடையாது. அபெர்ச்சர், ஃபோகஸ் எல்லாம் உங்களுக்குத் தெரியும்னு எடுத்துக்கறேன்.

எந்த பிலிம்?

முதல் ரோலுக்குக் கலர் வேண்டாம். கோடாக் விஷன்3 அழகுதான், நான் மறுக்கல. ஆனா அந்த வரிசைல பழைய ஸ்டாக் பிலிமோட முதுகுல ரெம்ஜெட்னு ஒரு கரிப்பூச்சு இருக்கும், 2025-லதான் கோடாக் அதை விட்டுட்டுப் புதுசா தயாரிக்க ஆரம்பிச்சாங்க. அதை எடுத்துட்டு, சினிமா கலர் நெகட்டிவுக்கான ஈ.சி.என்.-2 முறைல கழுவணும். ஸ்டில் போட்டோ கழுவற கலர் லேப்ல கொடுத்தா அந்தக் கரி அவங்க மருந்தையும் கெடுத்து, உங்களுக்குக் கெட்ட பேரையும் வாங்கித் தரும். கறுப்பு வெள்ளை டபுள்-எக்ஸ் 7222 வாங்குங்க. 1959-ல வந்த பிலிம், ரெம்ஜெட் இல்ல, வீட்டுலயே கழுவலாம். ஃபியூஜி 2013-லயே சினிமா பிலிமை நிறுத்திட்டதால, பெரும்பாலும் கோடாக்கைத்தான் நம்பி இருக்கோம். ஒரு காலத்துல ஊட்டியிலயே 'இந்து'னு கறுப்பு வெள்ளை பிலிம் தயாரிச்சாங்க. அந்த ஆலை ஓடிட்டு இருந்தா இப்படிக் கஸ்டம்ஸ் வரி கட்டிட்டு உக்காந்திருக்க மாட்டேன்.

பிலிம் ஃப்ரிட்ஜுல இருந்தா, முந்தின ராத்திரியே வெளியே எடுத்து வெச்சிடுங்க. டப்பாவைத் திறக்காதீங்க. சென்னை ஈரக்காத்துல குளிர்ந்த பிலிமைத் திறந்தா மோர் டம்ளர் மாதிரி வேர்த்துடும்.

கணக்கு

16 எம்.எம்.ல ஒரு அடிக்கு 40 ஃபிரேம். 100 அடிக்கு 4000. செகண்டுக்கு 24 ஓட்டினா 2 நிமிஷம் 46 செகண்ட். முழுசா சாவி கொடுத்தா ஒரு மூச்சுல சுமார் 28 செகண்ட் ஓடும், அதுக்கு மேல ஒரு ஷாட்டும் போகாது. என் வழக்கம், எட்டு செகண்டுக்கு மேல ஒரு ஷாட்டும் வைக்கறதில்ல, ஒவ்வொண்ணுக்கு முன்னாடியும் சாவி. போன்ல எடுக்கற மாதிரி "சும்மா ஓடட்டும்"னு விட்டீங்கன்னா பத்து ரூபா நோட்டா எண்ணிக் கடல்ல போடற மாதிரி.

பிலிம் மாட்டறது

நிழல்ல செய்யுங்க. டேலைட் ஸ்பூல்தான் (ஓரத் தகடே வெளிச்சத்தைத் தடுக்கற சுருள்), இருட்டுப் பை வேண்டாம். நுனில கொஞ்சம் வெளிச்சம் படும், அதுக்குனு லீடர்னு கொஞ்சம் நீளம் விட்டிருக்காங்க.

கேமராவுக்குள்ளயே ஒரு சின்ன கத்தி இருக்கும், பிலிம் நுனியை அதுலதான் வெட்டணும். கத்திரிக்கோலால வெட்டினா நுனி லேசா மடங்கி கேட்டுல (லென்ஸுக்குப் பின்னால பிலிம் வெளிச்சம் வாங்கற ஜன்னல்) போய் முட்டும். லூப் ஃபார்மரை (பிலிமைத் தளர்வா வளைச்சு 'லூப்' போட வைக்கற வழிகாட்டித் தகடு) மூடுங்க, வேகத்தைக் குறைச்சு வெச்சு, பட்டனை அழுத்திட்டே நுனியை மேல் பல்சக்கரத்துல கொடுங்க. அதுவே இழுத்துட்டுப் போய் கீழ வெளியே வரும். ரெண்டு சாண் வந்ததும் நிறுத்தி, லூப் ஃபார்மரைத் திறந்து, கீழ் ஸ்பூல்ல மாட்டுங்க. மூடியைத் திறந்தபடியே ஒரு செகண்ட் ஓட்டிப் பாருங்க. மேலயும் கீழயும் லூப் அதே அளவுல நின்னு துடிக்கணும். ஒண்ணு சுருங்கி ஒண்ணு பெருசானா, எடுத்துட்டுத் திரும்ப மாட்டுங்க. வீணான பிலிம் பத்தடி வாங்கி, டீ குடிக்கறப்பல்லாம் மாட்டிப் பழகுங்க. பத்தாவது தடவை கை தானா போகும்.

மூடியைச் சாத்திட்டு, ஓடின அடியைக் காட்டற மீட்டர்ல 0 வரும் வரைக்கும் ஓட்டுங்க. அதுக்கப்புறம்தான் ஷாட்.

ஷட்டர் லீவர் (என் ரோல் போன இடம்)

இந்தக் கேமராவுல ஷட்டரைத் திறந்தோ, பாதியாவோ, முழுசா மூடியோ வைக்க ஒரு லீவர் இருக்கு. ஃபேட் (படம் மெல்ல இருண்டு மறையறது) எடுக்கறதுக்கு ஆன ஏற்பாடு. நான் செகண்ட்ஹேண்டுல வாங்கும்போதே அது மூடின நிலைல இருந்திருக்கு. வித்தவர் சொல்லல, நானும் கேக்கல.

வ்யூஃபைண்டர்ல பாத்தா தெரிஞ்சிருக்குமேன்னு கேப்பீங்க. தெரியாது! லென்ஸுக்கும் ஷட்டருக்கும் நடுவுல ஒரு பிரிசம் உக்காந்து, வெளிச்சத்துல ஒரு பங்கை எப்பவும் கண்ணுக்கு அனுப்பிட்டே இருக்கும். ஷட்டர் மூடியிருந்தாலும் ஃபைண்டர்ல படம் பளிச்சுனு தெரியும். ஸ்பிரிங் ஓடற சத்தம் கேக்குது, மீட்டர் நகருது, மீன் கூடை ஃபிரேமுல அழகா இருக்கு. பிலிமுக்கு மட்டும் ஒரு பொட்டு வெளிச்சம் போகல.

கழுவினப்புறம் முதல்ல மருந்தைத்தான் சந்தேகப்பட்டேன். டெவலப்பர் டி-76 கெட்டுப் போச்சா, ஃபிக்ஸரை முதல்ல ஊத்திட்டேனான்னு புது மருந்து கலக்கி, இன்னொரு பிலிமுல சோதனை வேற. பழைய கேமரா உதவியாளர் ஒருத்தர் வீட்டுக்கு வந்தப்போ அந்தச் சுருளை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு, நடுவுல பாக்கவே இல்ல, ஓரத்தைப் பாத்தார். "நம்பர் விழுந்திருக்கே தம்பி. அப்போ மருந்து மேல பழி போடாதே"ன்னார்.

பிலிம் ஓரத்துல கம்பெனியே பேரையும் எண்ணையும் வெளிச்சத்தால பதிச்சுத்தான் அனுப்பறாங்க. கழுவினா அது கறுப்பா எழும். ஓர எண் இருக்கு, படம் இல்லைன்னா கழுவினது சரி, கேமராவுக்குள்ளதான் கோளாறு. ஓர எண்ணும் இல்லைன்னா மருந்துல தப்பு. முழுசா கறுப்புன்னா எங்கேயோ வெளிச்சம் புகுந்துடுச்சு. அவர் போனப்புறம் ஒவ்வொரு லீவரையும் தொட்டுத் தொட்டுப் பாத்துத்தான் அந்த ஷட்டரைப் பிடிச்சேன்.

இப்போ பிலிம் மாட்டறதுக்கு முன்னாடி, பிரஷர் பிளேட்டை (பிலிமைக் கேட்டோட அழுத்திப் பிடிக்கற தகடு) கழட்டிட்டு கேட்டுக்குப் பின்னால ஒரு வெள்ளைத் தாள் துண்டை வெச்சு, லென்ஸை முழுசாத் திறந்து ஜன்னல் பக்கம் காட்டி மெதுவா ஓட்டுவேன். தாள்ல வெளிச்சம் மினுக்கினா நிம்மதி. அப்புறம் லீவர் மேல ஒரு துண்டு டேப்.

கூடவே ரெண்டு விஷயம். ஃபில்டர் ஹோல்டர் காலியா இருந்தாலும் அதோட பள்ளத்துலயே இருக்கணும், எடுத்துட்டா அந்த வழியா வெளிச்சம் உள்ள போகும். ஸ்டாண்டுல வெச்சுட்டுக் கண்ணை எடுத்தா ஃபைண்டரை மூடுங்க, அந்த வழியாவும் போகும்.

வெளிச்சம் அளக்கறது

போன் ஆப் போதும்னு சொல்றவங்க இருக்காங்க. எனக்குப் பேட்டரி இல்லாத செகோனிக் எல்-398-தான் பிடிக்கும், கழுத்துல தொங்கும், சார்ஜ் தீராது. மீட்டர்ல 1/80 செகண்ட் வைங்க. நிஜ ஷட்டர் வேகம் அதைவிடக் கொஞ்சம் மெதுவு, பிரிசம் தின்னும் வெளிச்சத்தையும் சேத்துதான் 1/80.

டபுள்-எக்ஸ் வெயிலுக்கு ஐ.எஸ்.ஓ. 250. நம்ம ஊர் உச்சி வெயில்ல இந்தக் கணக்குப்படி எஃப் 22-ஐயும் தாண்டிப் போயிடும், என் லென்ஸுல அதுக்கு மேல இடமே இல்ல. என்.டி. (நிறத்தை மாத்தாம வெளிச்சத்தை மட்டும் குறைக்கற ஃபில்டர்) போடலாம். நான் ஆரஞ்சு ஃபில்டர் போடறேன். ரெண்டு ஸ்டாப் குறையும், வானமும் கறுத்து மேகம் எழும்பும்.

கழுவறது

டெவலப்பர், தண்ணி, ஃபிக்ஸர், நிறையத் தண்ணி. நேரம் மருந்து அட்டவணைல இருக்கும், பெரும்பாலும் 20 டிகிரிக்கு. மே மாசம் மொட்டை மாடி டேங்குல இருந்து வர்ற தண்ணில ரசமே வைக்கலாம், அதனால பாட்டில்களை ஐஸ் போட்ட பக்கெட்டுல நிறுத்தி வெச்சுதான் ஆரம்பிக்கணும். நான் பயன்படுத்தறது பழைய ரஷ்ய லோமோ டேங்க், இருட்டுல பிலிமைப் பாதியா வெட்டி ரெண்டு சுருள்ல ஏத்துவேன். சுருள் எலும்பு மாதிரி காஞ்சிருக்கணும். துளி ஈரம் இருந்தாலும் பிலிம் பாதில ஒட்டிக்கும், இருட்டுல அழுகைதான் வரும்.

கடைசி அலசலுக்குக் கேன் தண்ணி. போர் தண்ணில அலசினா காஞ்சதும் உப்புப் புள்ளி நிக்கும். அப்புறம் ஃபேனை நிறுத்திட்டு, அறைக்குள்ள கொடி கட்டி முப்பது மீட்டரையும் வளைச்சு வளைச்சுத் தொங்கவிடுங்க. வீட்டுல யாரையும் அந்தப் பக்கம் விடாதீங்க. என் அம்மா ஒரு தடவை அதுல துண்டு காயப்போட்டாங்க.

ஸ்கேன் கொடுக்கறப்போ ஓவர்ஸ்கேன் கேளுங்க, துளையும் ஓர எண்ணும் சேந்து தெரியற மாதிரி. ஏன்னு மேல படிச்சிருப்பீங்க.

பின்சேர்க்கை 1: விமானத்துல கொண்டு போகலாமான்னு மூணு பேர் கேட்டிருந்தீங்க. செக்-இன் பெட்டில வைக்கவே வேண்டாம், அந்த ஸ்கேனர் பிலிமைப் புகைமூட்டமாக்கிடும். கைப்பையில வெச்சு, கையால சோதிக்கச் சொல்லிக் கேளுங்க. இப்போ சில ஏர்போர்ட்டுல கைப்பைக்கும் சி.டி. ஸ்கேனர் வந்துடுச்சு, அதுவும் ஆகாது.

பின்சேர்க்கை 2: நான் சொன்னபடியே மாட்டியும் துளையெல்லாம் கிழியுதுன்னு ஒரு வாசகர் படம் அனுப்பினார். அவரோடது ரொம்பப் பழைய எச்-16, பல்சக்கரத்துல ரெண்டு பக்கமும் பல். இப்போ கிடைக்கறது பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் துளை உள்ள பிலிம், மறுபக்கப் பல் சும்மா பிலிமைக் குத்தும். வாங்கறதுக்கு முன்னாடி மூடியைத் திறந்து பல்லை எண்ணுங்க. அப்படியே ஷட்டர் லீவரையும் பாத்துடுங்க.