நுவரெலியாவில் குடும்பத்தோடு சில நாட்கள், அதில் ஒரு காலை கோல்ஃப்

வீட்டில் ஒருவருக்கோ இருவருக்கோ மட்டுமே கோல்ஃப் பிடிக்கும் என்றால், மைதானத்தைப் பற்றி விசாரிப்பதற்கு முன் அது இருக்கும் ஊரைப் பற்றி விசாரிக்க வேண்டும். ஆடுபவர் மைதானத்தில் இருக்கும் இரண்டு மூன்று மணி நேரம் மற்றவர்கள் என்ன செய்வார்கள், பிள்ளைகள் எங்கே ஓடி விளையாடுவார்கள், வயதான அப்பாவும் அம்மாவும் எங்கே போய் உட்காருவார்கள் என்பதற்கெல்லாம் அந்த ஊரில் வழி இருக்க வேண்டும். இலங்கையில் இந்த வகையில் நுவரெலியாவுக்கு இணையான இடம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில், 1889இல் தொடங்கப்பட்ட நுவரெலியா கோல்ஃப் கழகத்தின் 18 குழி மைதானம் ஊருக்கு வெளியே எங்கோ ஒதுங்கி இல்லாமல் நகரோடு ஒட்டியே இருக்கிறது. கிராண்ட் ஹோட்டல், விக்டோரியா பூங்கா, செங்கல் நிறத் தபாலகம், கடைத்தெரு எல்லாமே அங்கிருந்து நடந்து போகும் தொலைவில்தான் உள்ளன. ஆடி முடித்தவரை அழைத்துவர வாகனம் அனுப்ப வேண்டிய தேவைகூட இல்லை.

மற்ற மைதானங்கள் தரத்தில் குறைந்தவை என்று சொல்லவில்லை. 1879இல் தொடங்கிய கொழும்பு ரோயல் கோல்ஃப் கழகத்தின் மைதானத்துக்குக் குறுக்கே களனிவெளி புகையிரதப் பாதை செல்கிறது. கொழும்பில் வசிப்பவருக்கு வேலை நாள் காலையில் ஆட அது மிகவும் பொருத்தமானது. ஆனால் ஊர் விட்டு ஊர் போன உணர்வு அங்கே கிடைக்காது. கண்டிக்கு அருகே விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில் டொனல்ட் ஸ்டீல் வடிவமைத்து 1999இல் திறக்கப்பட்ட மைதானம் அழகிலும் அகலத்திலும் நுவரெலியாவை விஞ்சக்கூடியது. குடும்பத்தில் எல்லோரும் ஆடுபவர்கள் என்றால் தயங்காமல் அங்கே போகலாம். ஆடாதவர்களோ, வாசலைத் தாண்டி எங்கே போவதென்றாலும் வாகனத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும். இரண்டு நாளில் அது சலித்துவிடும்.

காலத்தைத் தேர்வதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். நுவரெலியா என்றதும் எல்லோருக்கும் ஏப்ரல் மாத வசந்த விழாவே நினைவுக்கு வருகிறது. குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கார்ப் பந்தயம் என்று ஊரே களைகட்டும் காலம் அது. வேடிக்கை பார்ப்பதற்கு அது நல்ல காலம்தான். ஆனால் அறை வாடகை பல மடங்கு ஏறியிருக்கும், வீதிகளில் வாகனங்கள் நகராது, மைதானத்திலும் நினைத்த நேரம் கிடைக்காது. கோல்ஃபையும் சேர்த்துத் திட்டமிடுபவர்கள் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரையுள்ள வறண்ட நாட்களைத் தேர்ந்துகொள்வது நல்லது. குளிர் கடுமையாக இருக்கும், வானம் தெளிந்திருக்கும். அந்த மாதங்களில் சில விடியற்காலைகளில் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருப்பதையும் காணலாம். உறைந்திருக்கும் புல்லை மிதித்தால் அது முறிந்து, காலடித் தடம் பழுப்பு நிறமாகிப் பல நாட்கள் அழியாமல் நிற்கும் என்பதால், வெயில் ஏறிப் பனி உருகும்வரை கிரீனில், அதாவது குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டியிருக்கும் இடத்தில், கால் வைக்கக் கூடாது. அப்படியான நாளில் அரை மணி நேரம் தாமதமாகத் தொடங்குவதால் எந்த நட்டமும் இல்லை. வெளிநாட்டில் வாழும் நம்மவர்கள் பெரும்பாலும் பள்ளி விடுமுறையையும் நல்லூர்த் திருவிழாவையும் ஒட்டி ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான் வர முடிகிறது. அது தென்மேற்குப் பருவமழைக் காலம். அவர்கள் இரண்டு காலைகளை ஒதுக்கி வைத்துக்கொண்டு, மழை விட்ட காலையில் ஆடுவதென்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே வீட்டில் தொடங்கக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. வரவேற்பறைக் கம்பளத்தில் ஒரு தேநீர்க் குவளையைச் சாய்த்து வைத்து, ஆறடி தூரத்திலிருந்து பட்டரால், அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் மட்டையால், பந்தை உருட்டிப் பழகலாம். ஓர் ஆட்டத்தில் விழும் அடிகளில் பெரும் பங்கு கிரீனில் பட்டரால் அடிப்பவைதான் என்பதால், வேலை முடிந்து வந்து தினமும் கால் மணி நேரம் இதைச் செய்தாலே பலன் தெரியும். பிள்ளைகளும் தாமாகவே வந்து கலந்துகொள்வார்கள். பயணம் தங்களுடையதும்தான் என்ற எண்ணம் அவர்களுக்கு அங்கேயே பிறந்துவிடும். தூர அடிப் பயிற்சியை ஒரு பயிற்சித் திடலில் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டு முற்றத்தில் வேண்டவே வேண்டாம்.

விதிப்படி ஒருவர் 14 மட்டைகள்வரை வைத்துக்கொள்ளலாம். குடும்பப் பயணத்துக்கு அத்தனையும் சுமப்பது வீண் வேலை. பாட்டியின் சக்கர நாற்காலி, பிள்ளையின் தள்ளுவண்டி, ஐந்து பேருடைய குளிர் உடைகள் எல்லாம் ஏற்றிய வான் வண்டியில் பெரிய கோல்ஃப் பையையும் திணித்தால், பயணம் தொடங்கும்போதே வீட்டாருக்கு அந்த விளையாட்டின்மேல் வெறுப்பு வந்துவிடும். தூர அடிக்கு ஒரு ஹைபிரிட் மட்டை, ஏழாம் எண், ஒன்பதாம் எண் இரும்பு மட்டைகள், மணலிலிருந்து எடுக்க ஒரு வெட்ஜ், ஒரு பட்டர் ஆகிய ஐந்தும் நுவரெலியா மைதானத்துக்குத் தாராளமாகப் போதும். விமானத்தில் வருபவர்கள் மட்டைகளை அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். காலணியையும் கையுறையையும் மட்டும் சொந்தமாகக் கொண்டுபோக வேண்டும். இரவல் காலணியோடு மேடும் பள்ளமுமான தரையில் நடந்தால் இரண்டாவது குழியிலேயே குதிகால் கொப்புளித்துவிடும்.

அங்கத்தவர் அல்லாதவர்களும் தற்காலிக அங்கத்துவக் கட்டணம் செலுத்தி ஆடலாம். முன்கூட்டியே தொலைபேசியில் அழைத்து, நீங்கள் போகும் நாளில் போட்டி ஏதும் இருக்கிறதா, ஒன்பது குழிகள் மட்டும் ஆட அனுமதி உண்டா, ஆட்டக் கட்டணத்தில் பையைச் சுமந்து வரும் கேடியின் கூலியும் அடங்குமா, வாடகை மட்டைகளில் இடக்கை ஆட்டக்காரருக்கும் பெண்களுக்கும் ஏற்றவை உள்ளனவா என்பதையெல்லாம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வார இறுதி நாட்களைத் தவிர்ப்பது நல்லது. உடையில் கழகம் பழைய ஒழுங்கைப் பேணுகிறது: கழுத்துப்பட்டி உள்ள மேற்சட்டை வேண்டும், ஜீன்ஸ் கூடாது. உணவருந்த வரும் குடும்பத்தினரும் இதை மனத்தில் வைத்து உடுத்திக்கொண்டால் வாசலில் சங்கடம் ஏற்படாது.

முழு 18 குழிகளை ஆட நான்கு மணி நேரத்துக்கும் மேலாகும். குடும்பத்தோடு வந்திருக்கும்போது ஒன்பது குழிகளே நியாயமான அளவு என்று நான் கருதுகிறேன். காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் ஒன்பதரைக்குள் முடித்துவிடலாம். மற்றவர்கள் எழுந்து குளித்து, ஆறுதலாகக் காலை உணவு உண்டு, பூங்காவில் ஒரு சுற்று நடந்து வருவதற்கும் அதே நேரம் பிடிக்கும். விக்டோரியா பூங்கா சும்மா நேரம் போக்கும் இடம் என்று நினைக்க வேண்டாம். வடக்கேயிருந்து குளிர்காலத்தில் வலசை வரும் ஆறுமணிக்குருவியையும் காஷ்மீர் ஈப்பிடிப்பானையும் தேடி வெளிநாட்டுப் பறவை ஆர்வலர்கள் அங்கே காலையிலேயே தொலைநோக்கியோடு காத்திருப்பார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை அந்தப் பறவைகளும் அங்கே இருக்கும் என்பதால், ஆடாதவர்களுக்கும் அந்தக் காலமே சிறந்தது.

மைதானத்துக்குள் நுழைந்ததும் முதலில் கவனிக்க வேண்டியது உயரம். காற்று இங்கே அடர்த்தி குறைவாக இருப்பதால், சமதரையில் 150 யார் போகும் அடி பத்து யார் அளவுக்குக் கூடுதலாகப் போகக்கூடும்; விடியற்காலைக் குளிரில் அந்த ஆதாயம் குறையும், வெயில் ஏற ஏறத் திரும்பக் கிடைக்கும். ஆனாலும் வலு இங்கே பெரிதில்லை. பந்தை அடித்துக்கொண்டு கிரீன்வரை போகும் புல்வழிகளான ஃபேர்வேக்கள் குறுகலானவை, இரு புறமும் உயர்ந்த மரங்கள், இடையிடையே ஓடைகள். டிரைவர் என்ற தூர அடி மட்டையை ஓங்கி வீசுபவரைவிட, ஏழாம் எண் மட்டையால் நேராக இரண்டு தடவை அடிப்பவரே மகிழ்ச்சியாகத் திரும்புவார்.

இரண்டாவது கவனம் கேடி. மட்டைப் பையைச் சுமந்து கூடவே வருபவர் என்று மட்டும் அவரை நினைத்துவிடக் கூடாது; அந்த நிலத்தை அவரளவுக்கு அறிந்தவர் வேறு யாரும் இல்லை. கிரீனில் அவர் செய்வதைப் பாருங்கள். பந்துக்குப் பின்னால் குந்தியிருந்து ஒரு கணம் பார்ப்பார், பிறகு மறுபக்கம் போய்க் குழியிலிருந்து பார்ப்பார், சுற்றியுள்ள மலைச்சரிவையும் ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார். கண்ணுக்கு மட்டமாகத் தெரியும் இடத்திலும் மழைநீர் எந்தப் பக்கம் வடியும் என்பது அவருக்குத் தெரியும். பந்தும் அந்தப் பக்கம்தான் சாயும். குழிக்கு ஒரு சாண் இடப்புறம் அடியுங்கள் என்று அவர் சொன்னால் அங்கேயே அடிக்க வேண்டும். மலையகத் தமிழர் வாழும் ஊர் என்பதால் தமிழிலேயே பேசிப் பார்க்கலாம். வயதில் மூத்தவரானால் அண்ணன் என்று அழைத்து, பெயரைக் கேட்டு அறிந்து, இடையில் தேநீர் குடிக்கும்போது அவருக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்கள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெரியவர்கள் உழைப்பவரிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை அவர்கள் இங்கேதான் கற்றுக்கொள்கிறார்கள்.

ஒழுங்குகளில் சிலவற்றைப் புதியவர்கள் கட்டாயம் பழகிக்கொள்ள வேண்டும். தொலைந்த பந்தை மூன்று நிமிடங்களுக்குமேல் தேடக் கூடாது. பின்னால் வரும் குழு வேகமாக வந்தால் வழிவிட வேண்டும். மணலில் பதிந்த தடத்தைச் சமப்படுத்திவிட்டு வெளியேற வேண்டும், பந்து விழுந்து குழிந்த கிரீனைச் சரிசெய்ய வேண்டும். பந்து யாரையாவது நோக்கிப் போனால் தயங்காமல் ‘ஃபோர்’ என்று உரக்கக் கத்த வேண்டும். நகரின் நடுவே உள்ள மைதானம் ஆனதால் இது மிகவும் முக்கியம்.

பிள்ளைகளை முதல் குழியிலிருந்து இழுத்துக்கொண்டு போவது அவர்களுக்கும் நல்லதல்ல, மற்ற ஆட்டக்காரர்களுக்கும் நல்லதல்ல. கழகத்தின் அனுமதி பெற்று, ஆட்டம் முடியும் நேரத்தில் அவர்களை வரவழைத்துப் பயிற்சிக் கிரீனில் அரை மணி நேரம் விளையாட விடுவதே சரியான முறை. பெரியவர்களின் மட்டையை நடுவில் பிடிக்கச் சொல்லிக் கொடுப்பதைவிடக் குழந்தைகளுக்கான குட்டை மட்டை ஒன்றைக் கொண்டுபோவது நல்லது. நீளமும் எடையும் பொருந்தாத மட்டை தவறான வீச்சையே பழக்கிவிடும். யாராவது அடிக்கும்போது பார்க்க நிற்பவர் அவருக்குப் பின்னால் நிற்காமல், அவர் முகத்தைப் பார்த்தபடி, வீசும் மட்டை எட்டாத தூரத்தில் நான்கைந்து மீற்றர் தள்ளி நிற்க வேண்டும் என்பதை அவர்களுக்கு முதலிலேயே சொல்லி, இரண்டு தடவை செய்தும் காட்டுங்கள். அதன்பின் ஓர் அடியில் யார் குழிக்கு மிக அருகே கொண்டுபோகிறார் என்று ஒரு போட்டி வையுங்கள். அந்தப் போட்டியில் தாத்தாவும் பேத்தியும் சமமாக நிற்க முடியும்.

இடியைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் பிற்பகலில் மலைநாட்டில் இடிமழை திடீரென்று இறங்கும். கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய பழைய கல்லறைத் தோட்டத்தில் மேஜர் தோமஸ் ரொஜர்ஸின் கல்லறை இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றதாகச் சொல்லப்படும் அந்த ஆங்கிலேய அதிகாரி 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். யானைகளின் சாபம் என்று ஊரில் கதை சொல்வார்கள். கதை எப்படியானாலும் மின்னல் உண்மை: முதல் இடி கேட்டதும் மட்டையைக் கீழே வைத்துவிட்டு, குடையை விரிக்காமல், மரத்தடியில் ஒதுங்காமல், நேராகக் கழகக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும்வரை வெளியே வரக் கூடாது.

மீதி நாட்களைத் திட்டமிடும்போது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஹோட்டன் சமவெளிக்குப் போகும் நாளில் கோல்ஃப் வைத்துக்கொள்ளக் கூடாது, இரண்டுமே விடியலைக் கேட்பவை. உலக முடிவு எனப்படும் செங்குத்துச் சரிவு, காலை ஒன்பது பத்து மணிக்கெல்லாம் மேகத்தில் மறைந்துவிடும். ஏறக்குறைய ஒன்பது கிலோமீற்றர் சுற்றி நடக்க வேண்டும் என்பதால் வயதானவர்களை அன்று ஓய்வெடுக்க விடலாம். வாயிலில் பொலித்தீன் பைகளைச் சோதித்து, தண்ணீர்ப் போத்தலின் மேல்தாளைக்கூட உரித்து எடுத்துவிடுவார்கள், ஆகவே உணவைத் துணிப்பையிலும் டப்பாவிலும் கட்டிக்கொண்டு போங்கள். கோல்ஃப் ஆடிய நாளின் பிற்பகலுக்குச் சீதா எலியவிலுள்ள சீதை அம்மன் கோயிலும், அதே வீதியில் சற்று அப்பால் உள்ள ஹக்கல பூங்காவும் பொருந்தும். 1861இல் மலேரியா மருந்துக்கான சிங்கோனா மரம் வளர்க்கத் தொடங்கிய அந்தத் தோட்டத்தில் ரோஜாக்கள் நிறைய உண்டு, முதியவர்கள் உட்கார இடமும் உண்டு. சிறுவர்களுக்கு கிரகரி வாவியில் படகும் மட்டக் குதிரையும் இருக்கின்றன. சவாரிக்கு முன்பே விலையைப் பேசிக்கொள்ளுங்கள்.

கணக்கை முடிக்கும்போது கேடிக்குரிய அன்பளிப்பைக் கட்டணச் சீட்டில் சேர்க்காமல் அவர் கையிலேயே கொடுங்கள். ஊர் திரும்பும் நாளில் மலைப்பாதையில் மூடுபனி இறங்குவதற்கு முன், முற்பகலிலேயே புறப்பட்டுவிட வேண்டும். கண்டிப் பக்கமாக இறங்கினால் லபுக்கலை தேயிலைத் தோட்டத்தில் ஒரு தேநீர், றம்பொடை அனுமன் கோயிலில் ஒரு தரிசனம் என்று இரண்டு இடங்களில் நிறுத்தலாம். வளைவுகளில் வாந்தி வரும் பிள்ளைகளுக்கு அந்த இடைவெளிகள் மிகவும் உதவும். அவர்களை வானின் முன் இருக்கைகளில் அமர்த்தி, வயிறு நிறைய உண்ணக் கொடுக்காமல் கூட்டிச் செல்லுங்கள்.