ஆடிப்பட்டத்தில் தொடங்கும் இரோகுவாய் பாடம்

இரோகுவாய் என்று புத்தகங்கள் சொல்லும் அமெரிக்கப் பூர்வகுடி மக்கள் தங்களை ஹோடனோஷோனி என்றே சொல்லிக்கொள்கிறார்கள். நீண்ட வீட்டு மக்கள் என்று அதற்குப் பொருள். இன்றைய நியூயார்க் மாநிலமும் அதை ஒட்டிய கனடாப் பகுதியும் அவர்கள் ஊர். நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை இவர்களை வரையச் சொன்னால் கூம்புக் கூடாரமும் முதுகுவரை தொங்கும் இறகுத் தலைப்பாகையும் வந்து நிற்கும். அது நடுச் சமவெளி மக்களின் கோலம். வாயால் சொல்லித் திருத்தினால் மறந்துவிடுவார்கள், கையால் செய்தால் தங்கும். உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் மக்காச்சோளம் தெரியாத பிள்ளை கிடையாது என்பதால் சோளக்காட்டிலிருந்தே தொடங்கலாம். ஒரே வாரத்தில் முடிக்கப் பார்க்காதீர்கள். ஜூலை கடைசியில் விதைத்து, காலாண்டு விடுமுறை தாண்டி முடிக்கும் பாடம் இது.

மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒரே மண்மேட்டில் வளர்த்து 'மூன்று சகோதரிகள்' என்பது அவர்கள் வழக்கம். தண்டைப் பற்றிக் கொடி ஏறும். பூசணி இலை மண்ணை மூடிக் களையை அடக்கும். பீன்ஸின் வேர்முடிச்சு காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து வைக்கும். அது பெரும்பாலும் வேரும் தழையும் மட்கிய பிறகுதான் மண்ணுக்குச் சேரும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அங்கே மேடு ஒரு அடி உயரம்கூட இருக்கும், ஏனென்றால் குளிர்ந்த ஈரமண் சீக்கிரம் சூடாகி நீர் வடிய வேண்டும். நம் செம்மண்ணில் அப்படிக் குவித்தால் இரண்டே நாளில் காய்ந்துவிடும். அரை அடிக்குள் நிறுத்தி, உச்சியைத் தட்டுப்போலக் குழித்துவிடுங்கள். மேட்டுக்கு மேடு நாலு அடி இடைவெளி. ஒவ்வொன்றிலும் அரை அடி தள்ளித் தள்ளி நாலு மக்காச்சோளம். பயிர் முக்கால் சாண் வந்ததும் பீன்ஸுக்குப் பதிலாகத் தண்டுக்கு ஒன்றாகக் கொடி ஓடும் தட்டைப்பயறு, அதற்கு ஒரு வாரம் கழித்து ஒரு மேடு விட்டு ஒரு மேட்டில் ஒரே ஒரு அரசாணி (பூசணி) விதை. எல்லாவற்றையும் ஒரே நாளில் ஊன்றினால் பயறு சோளத்தை முந்திச் சாய்த்துவிடும். கொடி அவரையும் வேண்டாம். அதன் பாரம் தாங்காது, பனிக்காலம் வந்தால்தான் பூக்கும்.

விதைக்கடையில் பூச்சிமருந்து தடவிச் சிவப்புச் சாயம் ஏற்றிய விதை கிடைக்கும். அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. தெரிந்த விவசாயியிடம் மருந்து தடவாத மணி வாங்குங்கள். மகரந்தம் காற்றில் பறந்து சேர வேண்டியிருப்பதால் ஒரே வரிசையாகப் போடாமல் இரண்டுக்கு மூன்று என்று ஆறு மேடாவது கட்டமாகப் போடுங்கள், இல்லாவிட்டால் கருது பொக்கையாக நிற்கும். பாலக்காட்டுக் கணவாய் வழி வரும் ஆடிக்காற்று தண்டைச் சாய்க்கும், முழங்கால் உயரத்தில் ஒருமுறை மண் அணைக்க வேண்டும். குருத்தில் மரத்தூள் போல எச்சம் தெரிந்தால் படைப்புழு. குருத்துக்குள் ஒரு சிட்டிகை மணல் போடலாம்.

பயிர் வளரும்போது வீடு. முதலில் பொம்மை வீடு செய்யாமல், விளையாட்டு மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் 30 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலத்தில் ஒரு செவ்வகம் போடுங்கள். நடுவே நடைபாதை, அதில் வரிசையாக நாலு அடுப்புத் தீ. ஒவ்வொரு தீக்கும் இருபுறமும் எதிரெதிரே ஒரு குடும்பம், ஆக எட்டுக் குடும்பம். இரு முனையிலும் பண்டம் வைக்கும் இடம். நாற்பது பிள்ளைகளை ஐந்தைந்து பேராக உட்கார வைத்தால், ஒரு கூரைக்குக் கீழ் வாழ்வது என்னவென்று பிடிபடும். பிறகு வகுப்பில் 60 சென்டிமீட்டர் நீளம், 12 சென்டிமீட்டர் அகலத்தில் மாதிரி. சீமாத்துக் குச்சியை வளைத்து வில்போலச் சட்டம், மேலே எல்ம் மரப்பட்டைக்குப் பதிலாகப் பாக்குமட்டைத் தட்டின் துண்டுகள். தென்னங்கீற்று வேய்ந்தால் நம் ஊர்க் கொட்டகை ஆகிவிடும். கூரையில் ஒவ்வொரு தீக்கும் நேரே புகை போக ஓட்டை விட மறப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் அந்த வீடு தாய்வழிக் குலத்துக்குச் சொந்தமாக இருந்தது. கல்யாணமானவன் மனைவி வீட்டுக்குப் போனான். பிள்ளை அம்மாவின் குலம். ஹோடனோஷோனியில் அடங்கிய மோஹாக், ஒனைடா மக்களிடம் ஆமை, ஓநாய், கரடி என்று மூன்று குலம். ஒரே குலத்துக்குள் கல்யாணம் கிடையாது. இதைச் சொன்ன உடனே, வீட்டில் கூட்டப் பெயர் கேட்டு வளர்ந்த பிள்ளை "எங்களது காடைக் கூட்டம்" என்று எழுந்து நிற்கும். அங்கேயே பேச்சை மாற்றுங்கள். "நீ எந்தக் கூட்டம்?" என்று வகுப்பில் சுற்றிக் கேட்டால் அது ஜாதி விசாரிப்பாக முடியும். குலத்தைச் சீட்டுக் குலுக்கிக் கொடுங்கள். வீட்டுப்பாடமாக அம்மா, அம்மிச்சி, அம்மிச்சியின் அம்மா என்று பெயர் கேட்டு எழுதி வரச் சொன்னால் போதும். தாய்வழி என்றால் என்னவென்று அதிலேயே தெரிந்துவிடும். அம்மா இல்லாத பிள்ளை இருந்தால் இதையும் விட்டுவிட்டுக் கற்பனைப் பெயர்களில் செய்யுங்கள்.

கருது முற்றும் நேரம் சபை நடத்தலாம். அவர்கள் கூட்டமைப்பின் ஐந்து இனங்களின் பெயரில் மோஹாக், ஒனைடா, ஆனன்டாகா, கயூகா, செனகா என்று ஐந்து குழு. ஆறாவதான டஸ்கரோரா 1722 வாக்கில் சேர்ந்தவர்கள் என்று சொன்னால் போதும். குலத்தாய்களாகச் சில பெண்பிள்ளைகளை நியமித்து, தலைவரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தையும், மூன்று எச்சரிக்கைக்குப் பின் நீக்கும் அதிகாரத்தையும் அவர்களிடம் கொடுங்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் என்ன விளையாடுவது என்பது போல நிஜமாகவே முடிவெடுக்க வேண்டிய விஷயம் ஒன்று வேண்டும். மோஹாக்கும் செனகாவும் முதலில் பேசி முடிவை எதிர்ப்பக்கம் தர, ஒனைடாவும் கயூகாவும் பேசி ஆனன்டாகாவுக்கு அனுப்புவார்கள். ஒத்துப்போகாவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து. பிள்ளைகள் சட்டென்று கை தூக்கி ஓட்டுப் போடுவார்கள். நிறுத்துங்கள், இங்கே எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. அதற்கு அரைமணி ஆகும் என்பதை நேர அட்டவணையில் கணக்கு வையுங்கள்.

முடிந்த ஒப்பந்தத்தைக் கட்டம்போட்ட கணக்கு நோட்டில் ஊதா, வெள்ளைக் கட்டங்களாக வரையச் சொல்லலாம். வாம்பம் எனும் சிப்பிமணிப் பட்டைகள் ஒப்பந்தத்தை நினைவில் வைக்கக் கோத்தவை. அழகுக்கான இடுப்புக்கச்சை என்று நினைக்க விடாதீர்கள். ஐந்து இனங்களின் கூட்டமைப்பைக் குறிக்கும் ஹயவாதா பட்டையை அப்படியே நகலெடுக்காமல் படமாகக் காட்டுங்கள்: ஊதாப் பின்னணியில் வெள்ளை நிறத்தில் நான்கு சதுரம், நடுவில் ஆனன்டாகாவைக் குறிக்கும் மரம்.

கருதின் தோலில் பொம்மை கட்டுவதானால் நிழலில் நாலு நாள் காயவைத்து, பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்த பிறகு. பச்சைத் தோலில் கட்டினால் காய்ந்து சுருங்கி முடிச்சு நழுவும். முகம் வரையக் கூடாது, அவர்கள் பொம்மைக்கு முகம் இல்லை.

மர முகமூடிகள் அவர்களுக்குப் புனிதம். செய்யவோ படம் ஒட்டவோ வேண்டாம். ஆண்டு விழாவில் முகத்தில் வண்ணக்கோடு போட்டு ஊளையிட்டு ஆடும் ஆட்டத்துக்கும் இந்தப் பாடத்துக்கும் சம்பந்தமில்லை என்று தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். "இருந்தார்கள்" என்று எழுதும் நோட்டில் "இருக்கிறார்கள்" என்று திருத்துங்கள். வலை கட்டிய கோலால் பந்தாடும் லக்ராஸ் ஆட்டத்தில் தங்கள் கொடியோடு சர்வதேசப் போட்டிக்கு வரும் அணி இருக்கிறது. 2010-ல் அவர்கள் சொந்தப் பாஸ்போர்ட்டை பிரிட்டன் ஏற்காததால் உலகப் போட்டியையே அவர்கள் இழந்தார்கள். நியூயார்க்கின் வானுயர்ந்த கட்டடங்களுக்கு இரும்புச் சட்டம் ஏற்றியவர்களில் மோஹாக் ஆட்கள் நிறையப் பேர்.