பினாங்கில் உணவு நடை: எங்கே சறுக்குகிறோம்?

மலேசியாவின் பினாங்குத் தலைநகர் ஜார்ஜ் டவுனில் வழிகாட்டியோடு நடந்து நடந்து சாப்பிடப் போகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே நடந்துவிடுகின்றன. முன்பதிவு செய்யும்போது "சாப்பாட்டில் ஏதாவது கட்டுப்பாடு உண்டா?" என்று கேட்பார்கள். பலர் அதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் "வெஜ்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். பினாங்கில் அந்த ஒரு சொல் போதாது.

காரணம் இந்த ஊரின் பிறப்பிலேயே இருக்கிறது. 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் லைட் இங்கே துறைமுகம் அமைத்த பிறகு ஹொக்கியன், தியோச்சியூ, கான்டனீஸ், ஹைனான் சீனர்கள், சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் முஸ்லிம் வணிகர்கள், தமிழ் இந்துக்கள், மலாய்க்காரர்கள், ஆச்சேக்காரர்கள், ஆர்மீனியர்கள் என்று எல்லோரும் வந்து பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் குடியேறினார்கள். 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. இத்தனை பேரும் ஒருவர் சமையலிலிருந்து இன்னொருவர் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் எது ஆகும், எது ஆகாது என்பதை மட்டும் அவரவர் அடுப்பிலேயே வைத்துக்கொண்டார்கள். நம் ஆட்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

"வெஜ்" என்றால் என்னவென்று எழுதிக் கொடுங்கள்

கங்கோங் கீரை வதக்கல் ஒரு தட்டு வருகிறது. பார்த்தால் வெறும் கீரை. அதில் பெலாச்சான், அதாவது புளிக்கவைத்த இறால் விழுது, போட்டிருப்பார்கள். தொட்டுக்கொள்ளத் தரும் சம்பலிலும் அதுவே. பழம் நறுக்கிப் போட்ட சீன ரோஜாக்கிலும் கறுப்பு இறால் விழுது உண்டு. பினாங்கு ஹொக்கியன் மீ என்ற நூடுல்ஸ் சூப்பின் சாறு இறால் தலையும் பன்றி எலும்பும் கொதித்து வந்தது. சார் குவே தியாவ், அதாவது தட்டையான அரிசி நூடுல்ஸ், பழைய முறைப்படி பன்றிக் கொழுப்பில் வதக்குவது. அதில் இறால், மட்டி, சில கடைகளில் சீனத் தொத்திறைச்சியும் சேரும். வீட்டுக்கு வாங்கிப் போகிற பாசிப்பருப்புப் பூரண பிஸ்கட்டின் மேல்மாவில்கூடப் பாரம்பரியமாகப் பன்றிக் கொழுப்புதான். தட்டைப் பார்த்து இவற்றைக் கண்டுபிடிக்க முடியாது.

அதனால் விவரமாக எழுதுங்கள்: "முட்டை சாப்பிடுவேன். மீன், இறைச்சி கூடாது. இறால் விழுது, மீன் சாறு, பன்றிக் கொழுப்பு மூன்றும் கூடாது." இதைக் குறைந்தது இரண்டு மூன்று நாள் முன்பே அனுப்பிவிட வேண்டும். முதல் கடையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் வழிகாட்டிக்குப் பாதையை மாற்ற நேரம் இருக்காது. உங்களுக்கு நடை முழுக்கச் சோயா பாலும் செண்டோல் என்ற ஐஸ் இனிப்பும்தான் மிஞ்சும். முன்பே தெரிந்தால் சீனர்களின் சைவக் கடைகளைச் சேர்த்துக்கொள்வார்கள். பௌத்த வழக்கப்படி அங்கே பூண்டு வெங்காயம்கூட இருக்காது. தட்டில் வாத்துக்கறி மாதிரியே ஒன்று வந்து நின்றால் பதற வேண்டாம், அது மாவிலும் சோயாவிலும் செய்தது. சீனச் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் தேடுகிற கூட்டம் அதிகம். ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது பேரரசர் தெய்வங்களின் விழா வரும்போது மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகள் தெருவோரம் முளைக்கும். சைவர்கள் பினாங்கு போக அருமையான சமயம் அது.

முஸ்லிம் வாசகர்களுக்கு: "பன்றி சேர்க்கவில்லை" என்று கடையில் எழுதியிருப்பதும் ஹலாலும் ஒன்றல்ல. ஹலால் நடை என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள். கலவையான நடையில் சேர்ந்துவிட்டு ஒவ்வொரு கடையிலும் ஒதுங்கி நிற்பது யாருக்கும் நல்லதல்ல.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் நாசி கண்டார் கடையில் வாயைத் திறந்தே ஆக வேண்டும். அங்கே ஒரே சோற்றின் மேல் நாலைந்து சட்டிக் குழம்பைக் கலந்து ஊற்றுவதுதான் முறை, கறி எதுவும் எடுக்காவிட்டாலும். "மாட்டுக் குழம்பு வேண்டாம்" என்பதைக் கரண்டி சட்டியில் இறங்கும் முன் சொல்ல வேண்டும். இறால், நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இதைவிடக் கடுமையான எச்சரிக்கை: தெருக்கடையில் எல்லாம் ஒரே வாணலி, ஒரே கரண்டி. எந்த வழிகாட்டியாலும் முழு உத்தரவாதம் தர முடியாது. மருந்து கையில் இருக்கட்டும். ஒவ்வாமையைச் சீனத்திலும் மலாயிலும் எழுதிய ஒரு சீட்டும் இருக்கட்டும்.

"நமக்குத் தெரிஞ்சதுதானே" என்ற நினைப்பு

என்னைக் கேட்டால் தமிழர்கள் பினாங்கில் செய்யும் பெரிய தவறு இதுதான். லிட்டில் இந்தியா வந்ததும் "இது நம்ம ஊர்லயே கிடைக்கும், சீனச் சாப்பாட்டுப் பக்கம் போலாமே" என்று வழிகாட்டியை அவசரப்படுத்துகிறார்கள். ரொட்டி சானாயை வாயில் வைத்ததும் மதுரைப் புரோட்டாவோடு ஒப்பிட்டு மார்க் போடுகிறார்கள்.

நாசி கண்டார் தமிழ்நாட்டில் கிடையாது. தமிழ் முஸ்லிம்கள் தோளில் கம்பு போட்டு, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாகத் தூக்கிக்கொண்டு துறைமுகக் கூலிகளுக்கு விற்றது இந்த ஊரில் பிறந்த சாப்பாடு. மீ கோரெங் சீன நூடுல்ஸ், ஆனால் மசாலாவும் கைப்பக்குவமும் தமிழ் முஸ்லிம்களுடையது. பசெம்போரில் இறால் வடையும் தோஃபுவும் வெள்ளரியும் ஒரே தட்டில் கிடக்கும். மேலே சர்க்கரைவள்ளியும் கடலையும் சேர்த்த இனிப்புக் காரக் குழம்பு. நம் இடியாப்பம் இங்கே புட்டு மாயம் ஆகி, பழுப்புச் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் தூவிக்கொண்டு வருகிறது. இவற்றை ஊர்ச் சாப்பாட்டின் நகல் என்று நினைத்துத் தாண்டிப் போனால், நம் ஆட்கள் கடல் கடந்து என்ன செய்தார்கள் என்பதையே தாண்டிப் போகிறோம்.

அந்தத் தெருக்களையும் அவசரமாகக் கடக்காதீர்கள். சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா இருக்கிறது. காதர் மொகிதீன் 1801இல் கட்டத் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலும், சீனர்களின் கருணைத் தேவி கோயிலும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில். உள்ளே போகிற எண்ணம் இருந்தால் தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

வழிகாட்டி ஆங்கிலத்தில் பேசினாலும் கடைக்காரரிடம் நீங்கள் தமிழில் பேசலாம். "அண்ணே, இதுல என்னென்ன போட்டிருக்கீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கூட்டம் குறைவாக இருந்தால் "பசியாறிட்டீங்களா?" என்று அவரே பேச்சைத் தொடங்குவார். ஆனால் எல்லோருக்கும் தமிழ் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழும் பல தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் வீட்டுப் பேச்சே மலாய்தான். அதைக் குறையாகச் சொல்லிக் காட்டுவது அநாகரிகம்.

முதல் தட்டைக் காலி செய்வது

ஓட்டலில் இலவசக் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு நடைக்கு வருவது, அல்லது பட்டினியோடு வந்து முதல் கடையில் முழுத் தட்டையும் தீர்ப்பது: இரண்டும் ஒரே பலனைத்தான் தரும். மூன்றாவது கடையில் வயிறு மறுத்துவிடும். ஆறேழு இடம் சுற்றுகிற நடையில் நாலு பேருக்கு இரண்டு தட்டு வாங்கிப் பகிர்வதே வழக்கம். பகிரத் தயங்குபவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள், சின்னக் கிண்ணம் கேட்டு வாங்கித் தருவார்கள்.

பகிரும்போதும் கவனம் வேண்டும். அசாம் லக்சா வந்தால் யாராவது ஒருவர் முதலில் நன்றாகக் கலக்குங்கள். கடைக்காரர் அரிசி நூடுல்ஸ் இருக்கும் கிண்ணத்தில் கொதிக்கும் சாற்றை ஊற்றி வடிப்பார், மறுபடி ஊற்றி வடிப்பார். நூடுல்ஸ் உள்வரை சூடேறிய பிறகுதான் கடைசியாக நிறைத்துத் தருவார். கானாங்கெளுத்தி மீனை உதிர்த்துப் புளியில் கொதிக்கவிட்ட சாறு அது. மேலே புதினா, அன்னாசி, வெள்ளரி, பொடியாக அரிந்த இளஞ்சிவப்பு இஞ்சிப்பூ மொட்டு. கூடவே ஒரு கரண்டியில் தார்போலக் கறுத்த இறால் விழுது. அதன் வாடைக்குப் பயந்து ஒதுக்கி வைக்கிறவர்கள் வெறும் புளிப்பை மட்டும் குடித்துவிட்டு "என்ன இது, ரசம் மாதிரி இருக்கு" என்கிறார்கள். இறால் ஆகும் என்றால் விழுதைக் கரைத்துவிட்டுச் சாப்பிடுங்கள். புளிப்பும் இனிப்பும் உப்பும் அப்போதுதான் ஒன்று சேரும்.

நேரம்

எல்லாக் கடையும் எல்லா நேரமும் திறந்திருக்காது. சௌராஸ்தா சந்தையும் செசில் தெருச் சந்தையும் காலையில் பார்க்க வேண்டியவை. சூலியா தெரு நூடுல்ஸ் வண்டிகளும் கிம்பர்லி தெருவும் இருட்டிய பிறகுதான் களைகட்டும். காலை நடைக்குப் பதிவு செய்துவிட்டு இரவுக் கடையைக் காட்டச் சொல்லி வழிகாட்டியிடம் கோபப்படுவதில் பொருளில்லை. ரமலான் பகலில் முஸ்லிம் கடைகள் பல மூடியிருக்கும், சாயங்காலச் சந்தைகளோ நிரம்பி வழியும். சீனப் புத்தாண்டையொட்டிச் சீனக் கடைகள் நாள்கணக்கில் அடைத்துக் கிடக்கும். வெள்ளி மதியம் தொழுகை நேரத்தில் நாசி கண்டாரைத் திட்டமிட வேண்டாம்.

கடைக்குள் நடந்துகொள்வது

சீனர் காப்பிக்கடையில் கடை முதலாளி விற்பது பெரும்பாலும் பானம்தான். உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஒட்டுக்கடையும் வேறு வேறு ஆளுடையது. அதனால் உட்கார்ந்தால் ஆளுக்கொரு பானம் சொல்வது மரியாதை. சொந்தத் தண்ணீர் பாட்டிலை மேசையில் வைத்துக்கொண்டு மூன்று கடைச் சாப்பாட்டை வரவழைப்பது அவர் பிழைப்பில் கை வைப்பது. தட்டு வந்ததும் அந்தந்தக் கடைக்குத் தனியாகக் காசு தர வேண்டும். சில்லறை வெள்ளி (ரிங்கிட்) கையில் இருக்கட்டும்.

மன்னிக்க முடியாத ஒன்று உண்டு. சீனக் கடையில் வாங்கிய பொட்டலத்தை முஸ்லிம் கடைக்குள் கொண்டுபோய்ப் பிரிப்பது. உள்ளே என்ன இருந்தாலும் செய்யக் கூடாது. ஒரு தட்டை, ஒரு கரண்டியை அது தொட்டாலும் அவர்களுக்கு அது பெரிய விஷயம்.

சார் குவே தியாவ் போடுகிறவரை அவசரப்படுத்தாதீர்கள். நல்ல கைக்காரர் ஒரு முறைக்கு ஒரு தட்டுதான் போடுவார். வாணலி நிரம்பினால் சூடு இறங்கி நூடுல்ஸ் வதங்காமல் வெந்துவிடும். "நாலையும் ஒண்ணாப் போட்டுடுங்க" என்று கேட்பது சுமாரான நாலு தட்டைக் கேட்டு வாங்குவது. தீக்கு மேல் போனை நீட்டிப் படம் எடுப்பதும் வேண்டாம், அவர் கை ஓடும் இடம் அது.

காசு விஷயம்

பதிவு செய்யும்போதே நாலு கேள்வி கேளுங்கள்: எத்தனை பேர் குழு, எத்தனை கடை, பானமும் சாப்பாடும் கட்டணத்தில் சேர்ந்ததா, கூடுதலாக ஒரு தட்டு வேண்டுமென்றால் யார் கணக்கு. பத்துப் பேருக்கு மேல் போனால் கடைசி வரிசையில் நிற்பவருக்கு வழிகாட்டி சொல்வது காதில் விழாது. கொஞ்சம் கூடக் கொடுத்துச் சின்னக் குழுவில் சேர்வதுதான் நல்லது. அப்புறம், நடை முடிந்து தனியாக நாசி கண்டார் சாப்பிடப் போனால் பெரிய இறாலையும் மீன் முட்டையையும் விலை கேட்டுவிட்டே எடுங்கள்.

கடைகளின் முன்னால் கூரையோடு ஓடும் ஐந்தடி நடைபாதை வெயிலுக்கும் மழைக்கும் நல்ல நிழல், ஆனால் கடைக்குக் கடை தரை ஏறி இறங்கும். ஓரத்தில் ஆழமான சாக்கடை வேறு. பிடிமானமுள்ள செருப்பு போடுங்கள். செப்டம்பர், அக்டோபரில் போனால் குடை எடுத்துக்கொள்ளுங்கள்.