ரோடு சைக்கிளுக்கு பிரேக் கட்டை வாங்கும் முன்

கடைக்குப் போகும் முன் ரிம், அதாவது சக்கரத்தின் வெளிவளையம், எதனால் ஆனது என்று பாருங்கள். அலுமினிய ரிம்முக்கும் கார்பன் ரிம்முக்கும் கட்டை வேறு வேறு. கார்பன் ரிம்மில் சாதாரண கட்டை போட்டால் சூடேறி ரிம்மே வீணாகலாம். அலுமினியச் சக்கரத்தில் ஓடிய கட்டையைக் கழற்றி கார்பனுக்கு மாட்டுவதும் கூடாது. அதில் பதிந்திருக்கும் உலோகத் துணுக்குகள் ரிம்மைக் கீறிவிடும்.

அடுத்தது ஹோல்டர், அதாவது கட்டையின் ரப்பரைப் பிடித்திருக்கும் உறை. ரப்பரை மட்டும் உருவி மாற்றும் வகையா, முழுசாகவே மாற்ற வேண்டியதா? உருவும் வகையில் ஷிமானோ கம்பெனிக்கும் கம்பாக்னோலோ கம்பெனிக்கும் அளவு ஒத்துப்போகாது. பழைய கட்டையைக் கையோடு எடுத்துப்போவதே நல்லது. இடது, வலது குறியையும் பாருங்கள். மாட்டும்போது ஹோல்டரின் திறந்த முனை பின்பக்கம்தான் இருக்க வேண்டும். மாறிப்போனால் பிரேக் பிடிக்கும்போது ரப்பர் முன்னால் வழுக்கி வெளியே வந்துவிடும். இதில் மட்டும் அசட்டை வேண்டாம்.

டிஸ்க் பிரேக் என்றால் பேடின் (அதன் கட்டையின்) வடிவம் காலிப்பருக்கு, அதாவது பேடை அழுத்தும் பாகத்துக்கு, பொருந்த வேண்டும். ரெசின் பேடு சத்தமில்லாமல் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் தேயும். மெட்டல் பேடு மழையிலும் சேற்றிலும் அதிக நாள் உழைக்கும், கொஞ்சம் கத்தும். சில ரோட்டார்களில் (பேடு பிடிக்கும் வட்டத் தட்டுகளில்) ரெசின் பேடு மட்டும் என்றே பொறித்திருக்கும். அதில் மெட்டல் பேடு போடாதீர்கள். அப்புறம், புதுப் பேடின் முகத்தில் எண்ணெய்க் கை படவே கூடாது.