ஓய்வு பெறும் மூத்த மென்பொருள் ஆர்க்கிடெக்டைக் கொண்டாடுவது எப்படி

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற, மென்பொருளின் ஒட்டுமொத்த அமைப்பைத் தீர்மானிக்கும் மூத்த ஆர்க்கிடெக்ட் ஒருவருக்குப் பாராட்டு மடல் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. தொலைநோக்கு, அயராத உழைப்பு, எளிமை என்று எனக்குத் தெரிந்த நல்ல சொற்களையெல்லாம் கோத்து எழுதி, சட்டம் போட்டு, பொன்னாடையோடு சேர்த்துக் கொடுத்தோம். மறுநாள் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் என் பெயரை எடுத்துவிட்டு நம் கணக்குப் பிரிவு மேலாளர் பெயரைப் போட்டாலும் பொருந்தும் போலிருக்கிறதே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அடுத்த மூத்தவர் ஓய்வு பெறும் நாள் நெருங்கியபோது வேறு வழியில் இறங்கினோம். அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் சிக்கல், ஆர்க்கிடெக்டின் வேலை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது என்பது. பாலம் கட்டியவருக்குப் பாலத்தைக் காட்டலாம். இவர் தடுத்த விபத்துகளையும், வேண்டாம் என்று மறுத்த வசதிகளையும், நீக்கிய நிரலையும் எப்படிக் காட்டுவது? எழுதிய வரிகளை எண்ணிச் சொல்லிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதை ஏற்காதீர்கள். 1982-இல் ஆப்பிள் நிறுவனத்தின் லிசா கணினிக்கு உழைத்துக்கொண்டிருந்த பில் அட்கின்சனிடம், அந்த வாரம் எழுதிய நிரல் வரிகளின் எண்ணிக்கையைப் படிவத்தில் நிரப்பச் சொன்னார்கள். வரைகலைப் பகுதி ஒன்றைச் சுருக்கமாகவும் பல மடங்கு வேகமாகவும் திருத்தி எழுதி முடித்திருந்த அவர், 'கழித்தல் 2000' என்று நிரப்பிக் கொடுத்தார். சில வாரங்களில் அவரிடம் படிவம் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். ஆகவே நீங்கள் தேட வேண்டியது அவர் எடுத்த முடிவுகளை.

இதற்கு இரண்டு மாதமாவது முன்கூட்டியே தொடங்க வேண்டும். கடைசி வாரத்தில் தொடங்கினால் கேக்கும் கேடயமும்தான் மிஞ்சும். நிரல் களஞ்சியத்தின் வரலாற்றிலிருந்து ஆரம்பியுங்கள். எந்த வரியை யார் எப்போது எழுதினார் என்று காட்டும் கட்டளைக்கு, நிரல் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் மென்பொருளில் 'பிளேம்' என்று பெயர், அதாவது குற்றஞ்சாட்டுதல்; பாராட்டுவதற்கும் அதையே பயன்படுத்த வேண்டியிருப்பது ஒரு வேடிக்கை. ஆனால் கிட் வந்ததே 2005-இல்தான். அதற்கு முன்பு சிவிஎஸ் போன்ற பழைய மென்பொருளில் இருந்த நிரலைப் பின்னாளில் இடம் மாற்றியிருந்தால், மாற்றியவர் யாரோ அவர் பெயரிலேயே எல்லா வரிகளும் பதிவாகியிருக்கக்கூடும். எங்கள் களஞ்சியத்தில், 2011-இல் ஆறு மாதம் மட்டுமே பணியாற்றிய ஒரு பயிற்சியாளர்தான் கணக்குப்படி மாபெரும் படைப்பாளி. எனவே பழைய மின்னஞ்சல்களையும், வடிவமைப்பு ஆவணங்களையும், கைபேசியில் எடுத்து வைத்த வெள்ளைப் பலகைப் படங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நிரல் பரிசீலனையில் அவர் எழுதிய குறிப்புகளைத் தனியாக எடுத்து வையுங்கள். அவருடைய மனப்போக்கு வேறெங்கும் இவ்வளவு தெளிவாகத் தெரியாது.

அடுத்து மனிதர்களிடம் கேட்க வேண்டும். 'அவரைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்டால் 'நல்ல மனிதர்' என்ற பதிலுக்கு மேல் ஒன்றும் கிடைக்காது. நாளைச் சொல்லிக் கேளுங்கள். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய வாரம் நம் சர்வர்கள் என்ன ஆயின? 2016 நவம்பர் 8 இரவு, 500 ரூபாய், 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிப்பு வந்த பிறகு யார் யாரை அழைத்தார்கள்? 2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கியபோது வீட்டிலிருந்து எப்படி உள்ளே நுழைந்தோம்? இப்படி ஒரு நாளைப் பிடித்துக் கேட்டால், எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்கார்ந்து பேசத் தொடங்கிவிடுவார்.

எங்களுக்குக் கிடைத்த மிகச் சிறந்த கதை 2017 ஜூலை 1 என்ற நாளைச் சொன்னபோதுதான் வெளியே வந்தது. நாங்கள் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்கிறவர்கள். 2007 ஜனவரி 1 அன்று தமிழ்நாட்டில் வாட் என்ற மதிப்புக் கூட்டு வரி நடைமுறைக்கு வந்தபோது, எங்கள் நிரலுக்குள் வரி விகிதம் வெறும் எண்ணாக நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொன்றாகத் தேடி மாற்றினோம். இனி வரி மாறாது என்று எல்லோரும் மூச்சு விட்டபோது, எங்கள் ஆர்க்கிடெக்ட் மட்டும் நிர்வாகத்திடம் மூன்று வாரம் கேட்டு வாங்கி, வரியைத் தனி அட்டவணையாக்கினார். ஒவ்வொரு விகிதமும் எந்தத் தேதி முதல் செல்லும் என்பதற்கு அதில் இடம் இருந்தது. ஒரு பொருளுக்கு ஒரே வரி என்று கொள்ளாமல் எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கும்படியும் அமைத்திருந்தார். இந்த இரண்டாவது வசதிக்குப் பத்தாண்டுகள் வேலையே இருக்கவில்லை. தேவையற்ற சிக்கல் என்று கூட்டங்களில் நானே பேசியிருக்கிறேன். பிறகு ஜிஎஸ்டி வந்தது. மாநிலத்துக்குள் விற்கும் பொருளின் வரி, மத்திய வரி, மாநில வரி என்று இரண்டாகப் பிரிந்தது. பில்லின் அச்சு வடிவமும் அறிக்கைகளும் மாற வேண்டியிருந்தாலும், கணக்கிடும் நிரலில் ஒரு வரியும் மாறவில்லை. (அரசுக்குக் கட்டும் வரிக்கும் நிரலில் எழுதும் வரிக்கும் தமிழில் ஒரே சொல்லாக இருப்பதற்கு நான் பொறுப்பல்ல.) ஜூன் மாதப் பில்லை ஆகஸ்டில் மறுபடி அச்சிட்டாலும் பழைய விகிதமே வந்தது. அந்த ஜூலை முதல் நாள் இரவு இரண்டு மணிக்கு நாங்கள் வீட்டுக்குப் போய்விட்டோம் என்பதுதான் கதையின் உச்சம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை.

இத்தகைய கதைகள் மூன்று போதும், அவற்றை முழுமையாகச் சொல்லுங்கள். முப்பது சாதனைகளைப் பட்டியலிட்டால் ஒன்றும் மனத்தில் நிற்காது. ஒவ்வொரு கதையிலும் அப்போது இருந்த நெருக்கடி, முன்னால் இருந்த வேறு வழிகள், அவர் தேர்ந்தெடுத்தது, அதற்குக் கொடுத்த விலை ஆகிய நான்கும் இருக்க வேண்டும். விலையை விட்டுவிட்டால் அது முடிவு என்ற தகுதியையே இழந்து வெறும் அதிர்ஷ்டமாகிவிடும்.

மனப்போக்கைச் சொல்வதற்குப் பண்புச் சொற்களைத் தேட வேண்டாம். அவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளைத் திரட்டுங்கள். எங்களவர் எந்த வடிவமைப்பைக் காட்டினாலும், "இது பழுதானால் முதலில் யாருக்குத் தெரியும், நமக்கா கடைக்காரருக்கா?" என்று கேட்பார். இன்று அவரை நேரில் பார்த்தே இராத புதியவர்களும் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். இப்படி ஆறேழு கேள்விகளை, அவை பிறந்த சந்தர்ப்பத்தோடு சேர்த்துச் சிறு கையேடாக அச்சிட்டோம். வாடிக்கையாளர் பெயர்களையும் பாதுகாப்பு தொடர்பான விவரங்களையும் நீக்கிவிட்டு அச்சுக்குக் கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் நாங்கள் முதல் பிரதியில் மறந்திருந்தோம்.

புகழைப் பங்கிடுவதில் மிகவும் கவனம் வேண்டும். 1969 ஜூலை 20 அன்று அப்போலோ 11 நிலவில் இறங்கிக்கொண்டிருந்தபோது, கணினி அளவுக்கு மீறிய சுமையால் 1202 என்ற எச்சரிக்கையைக் காட்டியது. அவசியமற்ற வேலைகளைக் கைவிட்டு, தரையிறக்கத்துக்கு வேண்டியவற்றை மட்டும் தொடர்ந்து செய்தது. அந்தப் பறப்பு மென்பொருள் குழுவுக்குத் தலைமை ஏற்றிருந்த மார்கரெட் ஹாமில்டனுக்கு 2016-இல் அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருது கிடைத்தது. முற்றிலும் தகுதியான கௌரவம். ஆயினும் வேலைகளை முக்கியத்துவப்படி வரிசைப்படுத்தும் அடிப்படை அமைப்பை வடிவமைத்தவர் ஹால் லானிங், அவர் பெயரைப் பலரும் அறிய மாட்டார்கள். உங்கள் ஆர்க்கிடெக்ட் நேர்மையானவராக இருந்தால், பிறர் செய்ததைத் தன் கணக்கில் ஏற்றிப் பேசும் மேடையில் அவரால் நிம்மதியாக உட்கார முடியாது. ஒவ்வொரு கதையையும் முன்கூட்டியே அவரிடம் காட்டி, "இதில் வேறு யார் இருந்தார்கள்?" என்று கேட்டுவிடுங்கள்.

தவறிய முடிவுகளையும் சேர்க்கலாமா என்ற தயக்கம் வரும். அவர் சம்மதித்தால் தாராளமாகச் சேர்க்கலாம் என்பது என் கருத்து. 1965-இல் தாம் நிரல் மொழியில் அறிமுகப்படுத்திய, எதையும் சுட்டாத வெற்றுக் குறிப்பான 'நல்' என்பதை, நூறு கோடி டாலர் தவறு என்று கணினி அறிஞர் டோனி ஹோர் 2009-இல் பொது மேடையில் தாமே ஒப்புக்கொண்டார். அதனால் அவர் மதிப்பு குறைந்துவிடவில்லை. எங்களவர், தாம் பிடிவாதமாகக் கொண்டுவந்து இரண்டே ஆண்டில் கைவிட்ட அறிக்கைத் தொகுதியைத் தாமே மேடையில் சொன்னார். அன்று அரங்கில் அதிகமாகச் சிரிப்பு எழுந்தது அப்போதுதான்.

விழாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பேசுபவர்கள் நால்வருக்கு மேல் வேண்டாம், ஒருவருக்கு ஐந்து நிமிடம். பெரும்பாலும் மேலாளர்களே மேடையை நிரப்பிவிடுகிறார்கள். இரவு நேர ஆதரவுக் குழுவிலிருந்து ஒருவராவது பேசட்டும். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் குடும்பத்தார், இத்தனை ஆண்டுகள் இவர் என்னதான் செய்தார் என்று அறியாமலே இருந்திருப்பார்கள். எங்களவரின் துணைவியார் அன்று காலை வாங்கிய மளிகைப் பில்லைப் பையிலிருந்து எடுத்துக் காட்டச் சொல்லி, அதில் இருந்த இரண்டு வரி விகிதங்களையும் சுட்டி, "இது இரண்டாகப் பிரிந்து சரியாக வருவதற்கு இவர்தான் காரணம்" என்று ஒரு இளம் பொறியாளர் விளக்கினார். அந்த அம்மா பில்லை மறுபடி மடித்து, பணப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

மேடைக்கு அப்பால் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. கடைசி இரண்டு மாதங்களில் வாரம் ஒரு மணி நேரம் அவரோடு அமர்ந்து, இன்றும் உயிரோடிருக்கும் முடிவுகளை ஒவ்வொன்றாக எழுதி வாங்குங்கள். மென்பொருள் வல்லுநர் மைக்கேல் நைகார்ட் 2011-இல் முன்வைத்த எளிய வடிவம் இதற்குப் போதும்: தலைப்பு, சூழல், முடிவு, அதன் இப்போதைய நிலை, விளைவுகள். ஒரு முடிவுக்கு ஒரு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். நிரலுக்கு அருகிலேயே அந்தக் கோப்புகளை வையுங்கள். அவர் பெயரும் தேதியும் அதில் இருக்கட்டும்.

பிறகு, அவருடைய முடிவு ஒன்றை மாற்ற நேரும் நாளில் அவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அனுமதி கேட்பதற்காக அனுப்பக்கூடாது. எதை, ஏன் மாற்றினோம் என்று தெரிவித்தால் போதும். சென்ற ஆண்டு அந்த வரி அட்டவணையைப் புதிய அமைப்புக்கு மாற்றியபோது, நானும் இரண்டு பக்கத்துக்கு விளக்கி எழுதினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "மகிழ்ச்சி, தம்பி. 2017 ஜூன் மாதப் பில் ஒன்றை அச்சிட்டுப் பார்த்தீர்களா?"

பார்த்திருக்கவில்லை. அன்று மாலையே அச்சிட்டோம்.