சொகுசு ஸ்போர்ட்ஸ் செடான்களை ஒப்பிடுவது எப்படி? நெல்லைச் சாலைக்கு ஒரு செய்முறை

கார் ஒப்பீட்டுக் காணொளிகளில் வரிசை எப்போதும் ஒன்றுதான். நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் தொடுகிறது என்று முதலில் பார்ப்பார்கள், பிறகு வளைவில் எப்படிப் போகிறது, கடைசியில் விலை. திருநெல்வேலிப் பக்கம் வைத்து ஓட்டப்போகிறவர் இந்த வரிசையைத் தலைகீழாகப் போட வேண்டும் என்பது என் கட்சி. விலையில் தொடங்குங்கள், கையாளும் விதத்துக்கு நேரம் கொடுங்கள், வேகத்தைக் கடைசியாகப் பாருங்கள்.

தேவையானவை: ஒரு நோட்டு, கால்குலேட்டர், கம்பெனியின் பிரோஷர், டெஸ்ட் டிரைவுக்கு அரை நாள்.

முதல் படி: பட்டியலைச் சுருக்குங்கள்

இந்தியாவில் இந்த வகையில் பேசப்படும் கார்களை மூன்று தட்டாகப் பிரிக்கலாம். கீழ்த்தட்டில் பி.எம்.டபிள்யூ எம்340ஐ. மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் டர்போ, 374 குதிரைத்திறன். நூறைத் தொட 4.4 நொடி. செங்கல்பட்டு அருகே மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் உள்ள சென்னை ஆலையிலேயே இதன் பாகங்கள் ஒன்றாகப் பூட்டப்படுகின்றன. 2021 மார்ச்சில் வந்தபோது ஷோரூம் விலை 62.90 லட்சம். மின்சாரம் பரவாயில்லை என்பவருக்கு 2024 மார்ச்சில் வந்த பி.ஒய்.டி. சீல் பெர்ஃபாமன்ஸும் இதே தட்டுதான்: 530 குதிரைத்திறன், 3.8 நொடி, அப்போதைய விலை 53 லட்சம்.

நடுவில் மெர்சிடிஸ் ஏ.எம்.ஜி. சி43. இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர், 408 குதிரைத்திறன், 4.6 நொடி. 2023 நவம்பரில் 98 லட்சத்துக்கு வந்தது. எம்340ஐயைவிட விலை கூட, நொடியும் கூட! ஏன் என்பதை இரண்டாம் படியில் பார்ப்போம்.

மேல்தட்டில், பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் இரண்டு ஹைபிரிட் ராட்சதர்கள். ஏ.எம்.ஜி. சி63 எஸ் இ பெர்ஃபாமன்ஸ் 680 குதிரைத்திறன், 3.4 நொடி, பி.எம்.டபிள்யூ எம்5 727 குதிரைத்திறன், 3.5 நொடி. இரண்டும் 2024 நவம்பரில் இங்கே வந்தன, முறையே 1.95 கோடி, 1.99 கோடி.

ஒரே தட்டில் உள்ளவற்றை மட்டும் ஒப்பிடுங்கள். எம்340ஐயை எம்5 பக்கத்தில் நிறுத்தினால் பொழுது போகுமே தவிர முடிவு வராது.

இரண்டாம் படி: சாலைக்கு வரும் விலையைப் போடுங்கள்

மேலே சொன்னவை அறிமுக கால ஷோரூம் விலைகள். நீங்கள் வாங்கும் நாளின் விலையைக் கேட்டு வாங்கி, அதன் மேல் கணக்குப் போடுங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு வாழ்நாள் சாலை வரி 20 சதவீதம். பத்து லட்சத்துக்கு மேல் போனால் விற்பவரே பிடிக்கும் வரியான டி.சி.எஸ். ஒரு சதவீதம், வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் முதலில் கையிலிருந்து போவது போவதுதான்.

75 லட்சம் விலையுள்ள காரை எடுத்துக்கொள்வோம். சாலை வரி 15 லட்சம், டி.சி.எஸ். 75,000. இன்சூரன்ஸ் சேர்க்காமலே 90.75 லட்சம் ஆகிவிட்டது. இரண்டு கோடி கார் என்றால் வரி மட்டும் 40 லட்சம். அந்தப் பணத்தில் வீட்டுக்கு இன்னொரு நல்ல எஸ்யூவி வாங்கி நிறுத்திவிடலாம். மின்சாரக் காருக்குத் தமிழக அரசு தரும் வரி விலக்கு கால வரம்பு உள்ள சலுகை. பதிவு செய்யும் நாளில் அது நடப்பில் இருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் உறுதி செய்த பிறகே சீலுக்கான வரியை எழுதுங்கள்.

சி43 ஏன் விலை கூட? அது முழுக் காராகவே வெளிநாட்டிலிருந்து இறங்குகிறது. அப்படி இறங்கும் விலை உயர்ந்த கார்களுக்குச் சுங்க வரியும் மேல்வரியும் சேர்ந்து நூறு சதவீதத்தைத் தாண்டும் நிலையில்தான் அந்த விலை வைக்கப்பட்டது. எம்340ஐ பாகங்களாக வந்து இங்கே பூட்டப்படுவதால் தப்பித்துக்கொள்கிறது. ஆகவே ஒவ்வொரு காருக்கும் பக்கத்தில் 'இங்கே பூட்டியது' அல்லது 'இறக்குமதி' என்று எழுதிவையுங்கள். விலை வித்தியாசத்தில் எவ்வளவு காருக்கு, எவ்வளவு வரிக்கு என்பது அதிலேயே புரியும். பின்னால் உதிரிபாகம் வர எத்தனை நாள் ஆகும் என்று கேட்கவும் இந்தக் குறிப்பு உதவும்.

வரியை மிச்சம் பிடிக்க 'பாண்டிச்சேரி வண்டி எடுத்துருங்க' என்று யாராவது சொல்வார்கள். நெல்லைப் பதிவான டி.என். 72 எல்லைக்குள் குடியிருந்து அன்றாடம் இங்கேயே ஓட்டுபவருக்கு அது தலைவலிக்கு முன்பணம் கட்டுவது மாதிரி. வேறு மாநிலப் பதிவு வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மோட்டார் வாகனச் சட்டப்படி மறுபதிவு செய்தாக வேண்டும்.

இன்சூரன்ஸில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஸ்போர்ட்ஸ் செடான் தரையை ஒட்டி உட்காரும் கார், காற்று இழுக்கும் வாயும் அதற்கேற்பத் தாழ்வாகத்தான் இருக்கும். தண்ணீரில் ஸ்டார்ட் செய்து எஞ்சினுக்குள் நீர் ஏறினால் சாதாரண பாலிசி பெரும்பாலும் கைவிரித்துவிடும். எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆன் சேர்த்த தொகையைத்தான் விலைக் கட்டத்தில் எழுத வேண்டும். தாமிரபரணிக் கரையோரம் வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம்.

அப்புறம் சர்வீஸ். இந்த ஜெர்மன் பிராண்டுகளுக்கு நெல்லையிலிருந்து பெரும்பாலும் மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போக வேண்டிவரும். இரண்டும் ஏறத்தாழ 150, 160 கிலோமீட்டர். வண்டியை வந்து எடுத்துப்போவார்களா, அதற்குத் தனிக் கட்டணமா என்று கேட்டு அதையும் எழுதுங்கள்.

மூன்றாம் படி: எண்களை ஒரே அலகுக்குக் கொண்டுவாருங்கள்

ஒரே எஞ்சினுக்கு ஒருவர் 374 என்பார், இன்னொருவர் 369 என்பார். இரண்டும் சரி. முதலாவது மெட்ரிக் குதிரைத்திறன், இரண்டாவது பிஎச்பி. இந்தக் குழப்பம் வேண்டாமென்றால் கிலோவாட்டைப் பாருங்கள்: எம்340ஐ 275, சி43 300, சீல் 390, சி63 500, எம்5 535.

நொடிக் கணக்கிலும் இதே வம்பு உண்டு. அமெரிக்கக் காணொளிகளில் சொல்வது 60 மைல், அதாவது சுமார் 96.5 கிலோமீட்டர். போதாக்குறைக்கு, கார் முதல் ஓரடி நகர்ந்த பிறகே கடிகாரத்தை ஓடவிடும் வழக்கமும் அங்கே இருக்கிறது. நம் ஊர்ப் பிரோஷரில் உள்ள நூறு கிலோமீட்டர் நொடியோடு அதைச் சேர்த்துப் பார்த்தால் தப்பான கார்தான் ஜெயிக்கும்.

அடுத்து, குதிரைத்திறனை எடையால் வகுங்கள். எம்5 சுமார் 2,435 கிலோ. டன்னுக்கு 299 குதிரைத்திறன் வரும். சி63 சுமார் 2,110 கிலோ, டன்னுக்கு 322. மொத்தச் சக்தி குறைந்த சி63 ஏன் ஒரு இழை முந்துகிறது என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. சீல் 243, எம்340ஐ 214 அளவில் நிற்கின்றன. எடை பிரேக்கையும் டயரையும் வளைவையும் சேர்த்துத் தொடுகிற விஷயம் என்பதால் அதைத் தனிக் கட்டத்தில் பெரிதாக எழுதிவையுங்கள்.

நான்காம் படி: டயரைப் படியுங்கள்

டயர் பக்கவாட்டில் 255/35 ஆர்19 என்று இருந்தால், 255 மில்லிமீட்டர் அகலம், அதில் 35 சதவீதம் சுவர் உயரம். 255-ஐ 0.35-ஆல் பெருக்கினால் 89 மில்லிமீட்டர். சாதாரணக் குடும்பக் காரின் 205/60 ஆர்16 டயரில் இதுவே 123. பள்ளத்தில் இறங்கினால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் இருப்பது இந்த ரப்பர்தான். ஒரே காருக்கு 18 அங்குலச் சக்கரமும் கிடைக்கிறது என்றால் இந்தப் பக்கத்துக்கு நான் அதைத்தான் எடுப்பேன். 19 அங்குலத்தின் அழகு புகைப்படத்தோடு சரி. முன்னும் பின்னும் வேறு அளவு டயர் போட்டிருந்தால் தேய்மானத்துக்காக முன்பின் மாற்றிப் போடவும் முடியாது.

அகலத்தையும் பாருங்கள். எம்5 கண்ணாடிகளைச் சேர்க்காமலே 1.97 மீட்டர். நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகளில் ஆனித் தேரோட்டச் சமயத்தில் அதை நுழைக்க நினைப்பவருக்கு என் வாழ்த்துகள்.

ஐந்தாம் படி: ஓட்டிப் பாருங்கள்

ஒப்பீட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. எல்லாக் கார்களையும் ஒரே சாலையில், நாளின் ஒரே வேளையில், அதே ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓட்ட வேண்டும். கிளம்பும் முன் டயர் சூடாவதற்குள் காற்றழுத்தத்தைச் சரிபாருங்கள். டெமோ வண்டிகளில் அது ஏறுக்குமாறாக இருப்பது சகஜம். எல்லாவற்றையும் முதலில் கம்ஃபர்ட் மோடில் ஓட்டுங்கள், பிறகு ஸ்போர்ட். ஒன்றைக் கம்ஃபர்ட்டிலும் இன்னொன்றை ஸ்போர்ட்டிலும் ஓட்டி ஒப்பிட்டால் செலவழித்த பெட்ரோல் வீண்.

முதலில் ஏதாவது ஒரு கிராமத்துச் சாலை. நம் வேகத்தடைகள் எந்த அளவுகோலுக்கும் அடங்காதவை. காலியாக ஒரு முறை, நான்கு பேரோடு ஒரு முறை ஏறி இறங்குங்கள். அடி தட்டுகிறதா என்பதோடு, இறங்கிய பிறகு உடல் எத்தனை முறை ஆடி அடங்குகிறது என்றும் கவனியுங்கள். ஒரே ஆட்டத்தில் அடங்கினால் டாம்பர், அதாவது ஷாக் அப்சார்பர், நல்ல வேலை செய்கிறது. பின்சீட்டில் அம்மாவையோ மாமாவையோ உட்கார வையுங்கள். அவர்கள் முகத்தைவிட நேர்மையான கருவி கிடையாது.

இரண்டாவது, நான்குவழிச் சாலை. 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி தாண்டிக் காவல்கிணறு வரை போங்கள். ஆனி, ஆடியில் போனால் யோகம், ஏனென்றால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் மேற்குக் காற்று இங்கே காரைப் பக்கவாட்டில் தள்ளும். காற்றாலைகள் சும்மா அங்கே நிற்கவில்லை. தெற்கே போகும்போது காற்று வலப்பக்கம் அடிக்கும். உண்மையான சோதனை திரும்பி வரும்போதுதான். இப்போது மேற்கு உங்கள் இடப்பக்கம். ஒரு லாரியை வலப்புறமாக முந்தும்போது அது காற்றை மறைத்துக்கொள்ளும். லாரியின் மூக்கைத் தாண்டியதும் காற்று பட்டென்று அறையும். அந்த நொடியில் ஸ்டியரிங்கை எவ்வளவு திருத்த வேண்டியிருந்தது? ஒரு சிறு அழுத்தத்தில் நேரானதா, இரண்டு மூன்று முறை இழுக்க வேண்டி வந்ததா? நோட்டில் எழுதுங்கள். நல்ல செடானுக்கும் உயரமான எஸ்யூவிக்கும் உள்ள வித்தியாசம் இந்த இடத்தில் குழந்தைக்கும் தெரியும். வேகம் போர்டில் உள்ளபடி போதும்.

மூன்றாவது, வளைவு. செங்கோட்டை தாண்டிப் புளியரை எஸ் வளைவுக்குக் காலையில் சீக்கிரம் போங்கள்; நேரமானால் கேரளா போகும் லாரிகளின் பின்னால் முதல் கியரில் ஊர்வதுதான் சோதனை என்றாகிவிடும். இங்கே வேகமாகப் போகத் தேவையே இல்லை. மூன்றைக் கவனித்தால் போதும். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் மூக்கு உடனே திரும்புகிறதா, தாமதமாகவா? வளைவின் நடுவில் திருத்தம் கேட்கிறதா? இறக்கத்தில் பத்து வளைவு பிரேக் பிடித்த பிறகும் பெடல் முதலில் இருந்த இறுக்கத்தோடு இருக்கிறதா? எடை கூடிய கார்கள் மூன்றாவது கேள்வியில்தான் மாட்டும், அதிலும் பெரிய பிரேக் போட்ட விலை உயர்ந்த கார் சமாளித்துவிடும். சி43-இல் பின்சக்கரமும் லேசாகத் திரும்பும் வசதி உண்டு. கொண்டை ஊசி வளைவில் அதன் பயன் கையிலேயே தெரியும்.

மாஞ்சோலைப் பக்கம் கொண்டுபோய்ப் பார்க்கலாமா என்று கேட்காதீர்கள். அது புலிகள் காப்பகத்துக்குள் போகும் கரடுமுரடான மலைப்பாதை. வனத்துறை விட்டாலும் உங்கள் பம்பர் விடாது.

ஆறாம் படி: கடைசியாக, வேகம்

'அண்ணாச்சி, 4.4 செகண்டுல நூறத் தொட்டுரும்' என்பார் விற்பனையாளர். தொடட்டும். நீங்கள் அளக்க வேண்டியது 60-இலிருந்து 100 வரை. அம்பாசமுத்திரம் போகும் வழியில் வாழைத்தார் லாரியை முந்தும்போது பயன்படுவது அதுதான்.

அந்த நாற்பதைக் கூட்ட மூன்று நொடி எடுத்தால் கார் சுமார் 67 மீட்டர் ஓடியிருக்கும். ஐந்து நொடி என்றால் 111. எதிரே 60-இல் வரும் பேருந்து அதற்குள் முறையே 50 மீட்டரும் 83 மீட்டரும் நெருங்கியிருக்கும். ஆக இரண்டு நொடி வித்தியாசம் சாலையில் ஏறத்தாழ 77 மீட்டர் இடைவெளி. சாதாரணக் காரிலிருந்து எம்340ஐக்கு வருபவருக்கு இது பெரிய லாபம். ஆனால் எம்340ஐயிலிருந்து எம்5-க்குப் போனால் கிடைப்பது அரை நொடி என்றே வைத்தாலும் சுமார் 20 மீட்டர். அந்த 20 மீட்டரை நம்பி முந்துகிறவர் முந்தவே கூடாது.

சோதனையைச் சித்திரை வெயிலில், ஏ.சி. போட்டுக்கொண்டு, அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை செய்யுங்கள். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. டர்போ எஞ்சினின் முதல் ஓட்டத்துக்கும் மூன்றாவது ஓட்டத்துக்கும் வித்தியாசம் தெரிந்தால் அதுவே ஒரு மதிப்பெண். என்ன ஆக்டேன் பெட்ரோல் கேட்கிறது என்று டாங்கி மூடியின் உட்புறம் பார்த்து, உங்கள் பகுதி பங்கில் அது கிடைக்கிறதா என்றும் விசாரியுங்கள். உச்ச வேகத்துக்குக் கட்டமே போட வேண்டாம். பெரும்பாலான ஜெர்மன் கார்கள் 250-இல் கட்டிப்போடப்பட்டவை. நான்குவழிச் சாலைக்கு மத்திய அரசு 2018-இல் அறிவித்த வரம்போ 100.

ஹைபிரிடுகளில் ஒரு நுணுக்கம் உண்டு. சி63-இன் பேட்டரி 6.1 கிலோவாட் மணி மட்டுமே, உந்துதலுக்காக வைத்தது. எம்5-இல் 18.6, தாளில் உள்ள கணக்குப்படி பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் வரை பெட்ரோல் இல்லாமலே போகலாம். முருகனிடம் மௌனமாகப் போய்ச் சேர இரண்டு கோடி!

ஏழாம் படி: மதிப்பெண்

நூறில் விலைக்கும் பராமரிப்புக்கும் 40, கையாளும் விதத்துக்கு 40, வேகத்துக்கு 20 என்று நான் போடுவேன். கையாளும் விதத்துக்கான நாற்பதில் பாதியை மேடு பள்ளத்துக்கும் பின்சீட்டுக்கும் கொடுங்கள். இப்படிப் போட்டால் எம்340ஐ மேலே வரும் என்பது என் கணிப்பு. எங்காவது பந்தயத் தடத்தில் ஓட்டும் எண்ணம் இருப்பவர் இந்த மதிப்பெண் பங்கை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

முன்பணம் கட்டும் முன் ஒரே ஒரு வேலை. நீங்கள் ஓட்டிப் பார்த்த டெமோ வண்டியின் சக்கர அளவு, டயர், சஸ்பென்ஷன் வகை மூன்றையும் புக்கிங் படிவத்தில் எழுதியிருப்பதோடு ஒப்பிடுங்கள். 18 அங்குலத்தில் ஓட்டிவிட்டு 19-க்குக் கையெழுத்துப் போட்டால் ஐந்தாம் படியை மறுபடியும் செய்ய வேண்டியிருக்கும்.